சுத்தமான பத்து ரவுண்டு

சலூன்கார லிங்கம் நாற்காலியின் தலைப்பிடியைத் தளர்த்திப் பின்னால் சாய்த்ததும் மதியழகனுக்கு எதிரேயிருந்த கண்ணாடி மறைந்துவிட்டது, கூரையில் ஓடும் மின்விசிறி மட்டும் மிஞ்சியது, அதன் ஓர் இறக்கையில் ஒட்டடை நூலாகத் தொங்கிக் கூடவே சுற்றிக்கொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தால் போதும், இருபது நிமிடம்தான், சவரம் முடிந்ததும் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, மனைவி ரூபா இஸ்திரி போட்டு வைத்திருக்கும் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஐந்து மணிக்கு எழும்பூரில் அந்த ஓட்டல் ஹாலில் போய் நின்றால் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிவிடுவார்கள், படம் எடுப்பார்கள், முடிந்துவிடும். முடிந்துவிடுமா. ஒன்றரை மாதத்துக்கு முன் நடந்த லைட்வெயிட் பட்டப் போட்டியில் எண்ணூர் இன்பராஜ் அவனைப் பத்து ரவுண்டில் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தான். ஜெயித்த கையோடு இன்பராஜிடம் சிறுநீர் வாங்கிக்கொண்டு போனார்கள். பன்னிரண்டு நாளைக்கு முன் அந்தச் சிறுநீரில் ஊக்கமருந்து இருக்கிறது என்று அறிவித்தார்கள். அவனிடமிருந்து பிடுங்கிய பட்டம் இவனுக்கு வருகிறது, தோற்றவனுக்கு. தோற்றவன் என்று இனி யாரும் சொல்லப்போவதில்லை, காலையில் தண்டையார்பேட்டை மார்க்கெட் வழியாக நடந்து வரும்போதே மீன் விற்கும் அம்மா கையைத் தூக்கி "சாம்பியன்" என்று கூப்பிட்டாள், அவனும் கையைத் தூக்கினான், கை தானாகத் தூக்கிக்கொண்டது, கைக்கு எதுவும் தெரியாது, கை எப்போதும் இப்படித்தான், யார் கூப்பிட்டாலும் தூக்கிவிடும். ஈரப் பிரஷ் கன்னத்தில் சுழன்றது, சோப்பின் எலுமிச்சை வாசனை மூக்கில் ஏறியது. லிங்கம் அவன் இடது புருவத்தின் மேல் இருந்த தழும்பை விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆறு தையலும் நல்லா கூடிடுச்சிப்பா, அடையாளமே தெரியல" என்றான். தெரிகிறது, எனக்குத் தெரிகிறது என்று மதியழகன் நினைத்துக்கொண்டான், அதைத் தொடாதே, லிங்கம், உனக்குப் புண்ணியமாகப் போகும், அதை மட்டும் தொடாதே.

பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முடிவெட்டிக்கொள்ள வந்தவர்களில்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் பேசுவதற்கென்றே வருகிறவர்கள். ஒருவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற வரதன், எண்ணூர்க்காரர், மகள் வீட்டுக்கு வந்தால் இங்கே வந்து உட்கார்ந்துவிடுவார், இன்பராஜ் சண்டை போடும் ஹாலெல்லாம் போய் முதல் வரிசையில் உட்கார்ந்து தொண்டை கட்டக் கத்துகிறவர். இன்னொருவன் ஆட்டோ ஓட்டுகிற கலீல், வண்டியின் பின்பக்கம் மதியழகன் இரண்டு கையையும் முகத்துக்கு நேரே வைத்து நிற்கும் படத்தை ஒட்டி வைத்திருக்கிறவன். கலீல் காலையிலிருந்து போனில் யாரோ இரண்டு பேர் இதைப் பற்றியே மணிக்கணக்காக விவாதிக்கிற வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தான், அதில் ஒருவன் இன்பராஜை ஊசிராஜ் என்றுதான் சொன்னான், ஒவ்வொரு தடவை அப்படிச் சொல்லும்போதும் இன்னொருவன் சிரித்தான், அந்தச் சிரிப்பு சலூனின் சிறிய அறையில் சுவரில் பட்டுத் திரும்பியது. "நிறுத்துடா அத" என்றார் வரதன். "ஏன் நைனா, உன் ஆள சொன்னா கஷ்டமா கீதா? மெடிக்கல்லயே வந்துடுச்சே." "மெடிக்கல்ல வந்தா? ஊசி வந்து ஜாப் குத்து உடுமா? ஊசி காலை மாத்தி வெக்குமா? விடியறதுக்கு முன்னாடி எழுந்து அந்தப் பையன் கடலோரமா ஓடறத ரெண்டு வருசமா பாத்தவன்டா நானு." "ஊசி ஜாப் உடாது நைனா. ஆனா ஒம்போதாவது ரவுண்டுல கையே தூக்க முடியாதப்போ தூக்க வைக்கும்ல. எங்க அண்ணன் இன்னா பண்ணாரு? மருந்து போட்டவன் எதிர்ல, சுத்தமான ரத்தத்தோட பத்து ரவுண்டு நின்னாரு. பத்து ரவுண்டு! அதுக்குப் பேர்தான் பாக்ஸிங்." கலீல் எழுந்து வந்து நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினான், "இன்னாண்ணா நான் சொல்றது?" சோப்பு நுரை உதடு வரை இருந்ததால் மதியழகன் வாயைத் திறக்கவில்லை, நுரை இருந்தது நல்லதாகப் போயிற்று, நுரை இல்லாவிட்டாலும் திறந்திருக்கமாட்டான், அப்போது வேறு ஏதாவது கிடைத்திருக்கும். "அசையாதப்பா" என்று லிங்கம் கத்தியை விரித்தான்.

சுத்தமான ரத்தம். அந்தச் சொல் உள்ளே போய் எங்கோ சிக்கிக்கொண்டது, தொண்டையில் மீன்முள் நிற்பதுபோல, விழுங்கினாலும் போகவில்லை, வெளியே இழுக்கவும் வரவில்லை. வில்லிவாக்கத்தில் செல்போன் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில், காயம்பட்ட பாக்ஸர்களெல்லாம் போகும் கோகுல் மாஸ்டரின் வீடு, வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணி, வரவேற்பறையில் மீன்தொட்டி, அதில் ஒரே ஒரு ஆரஞ்சு மீன், அடுத்த அறையில் மாஸ்டரின் மாமியார் சீரியல் பார்த்துக்கொண்டிருப்பாள், சீரியலில் யாராவது அழுதுகொண்டிருப்பார்கள், அந்த அழுகை காதில் விழ அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பான், இடுப்பில் குளிர்ந்த பஞ்சு, பிறகு ஊசி, எண்ணெய் மாதிரிக் கெட்டியான மருந்து மெதுவாக உள்ளே இறங்கும், இறங்க இறங்கக் கனக்கும். ஐந்து வியாழக்கிழமை. தோள்பட்டை ஜவ்வு கிழிந்து எட்டு மாதம் கையைத் தூக்க முடியாமல் கிடந்தவனுக்கு மாஸ்டர் சொன்னது ஒரே வார்த்தைதான், சீக்கிரம் ஆறும். ஆறும் மருந்து. காயத்துக்கு மருந்து போடுவது தப்பா. எனக்குத் தெரியாது என்று சொல்லலாம், மாஸ்டர் சொன்னார், நம்பினேன், தெரியாது. தெரியாதா. முதல் வாரம் தெரியாது. இல்லை, முதல் வாரமே மாஸ்டர் சிரித்துக்கொண்டே கேட்டார், "டெஸ்ட் கிஸ்ட் வப்பாங்களா?" என்று, அவன், "வச்சா ஜெயிச்சவனுக்கும் தோத்தவனுக்கும் வப்பாங்க மாஸ்டர்" என்றான், மாஸ்டர் விரல்விட்டு நாள் எண்ணி, "அதுக்குள்ள பாதி கழுவிட்டுப் போயிடும்" என்றார். அப்படியானால் தெரியும். முதல் வாரமே தெரியும். ஆனால் தெரிந்த மாதிரித் தெரியவில்லை, தெரிந்ததை ஓர் ஓரமாக வைத்துவிட்டு மீனைப் பார்த்துக்கொண்டிருந்தான், தெரியும் என்பதற்கும் தெரியாது என்பதற்கும் நடுவில் ஒரு மனிதன் நிற்க இடம் இருக்கிறது, அங்கே ஐந்து வாரம் நின்றான். மூன்றாவது வாரத்தில் மணல் மூட்டையைக் குத்தும்போது தோள் வலிக்கவில்லை, பதினெட்டு வயதில் குத்தியதுபோலக் குத்தினான், சந்தோஷத்தில் கண் கலங்கியது, முப்பத்தொரு வயதில் மறுபடி கிடைத்தது, அதை யார் திருப்பிக் கொடுப்பார்கள், நீயாக இருந்தால் கொடுப்பாயா கலீல், சொல்லு.

கத்தி காதோரத்திலிருந்து கீழே இறங்கியது, சர்ரென்று ஒரு கோடு, லிங்கம் நுரையை விரலில் வழித்துத் துண்டில் துடைத்தான். ஒன்பதாவது ரவுண்டு. இன்பராஜின் வலது கை எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை, புருவத்தில் பட்டது, வலிக்கவில்லை, சூடாக ஏதோ கண்ணுக்குள் இறங்கியது, அதற்குப் பிறகு ஹாலே சிவப்பாகத் தெரிந்தது, ரிங்கின் கார்னரில் உட்கார்ந்தபோது டாக்டர் புருவத்தை அமுக்கிப் பார்த்து, "இன்னும் ஒரு ரவுண்டுதானே, தாங்குமா?" என்றார், தாங்கும் என்றான், நின்றான், கலீல் சொல்கிற அந்தப் பத்தாவது ரவுண்டு. மணி அடித்து, இன்பராஜின் கையைத் தூக்கி, எல்லாம் முடிந்து ரிங்கிலிருந்து இறங்கும்போது படியருகில் ஊக்கமருந்துப் பரிசோதனைக்கு வந்த ஆள் நின்றுகொண்டிருந்தார், கண்ணாடி போட்டவர், கழுத்தில் அடையாள அட்டை, கையில் கிளிப் பலகையில் செருகிய ஒரு படிவம், "சார், உங்களுக்கும் சாம்பிள் எடுக்கணும், ரூமுக்கு வந்துடுங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார். கால் அங்கேயே நின்றுவிட்டது. டாக்டர் இங்கேயே தையல் போட்டுவிடலாம், பத்து நிமிட வேலை என்றார். அப்போதுதான் அவன் சொன்னான், "தலை சுத்துது டாக்டர், ரெண்டு ரெண்டா தெரியுது." சுற்றவில்லை. ஒன்று ஒன்றாகத்தான் தெரிந்தது, அந்தக் கண்ணாடி போட்டவரின் சட்டைப் பையில் இருந்த நீலப் பேனாகூடத் தெரிந்தது. தலை என்றதும் எல்லோரும் பயந்துவிட்டார்கள், ஆம்புலன்ஸ் வந்தது, கண்ணாடி போட்டவர் வண்டி வரைக்கும் கூடவே வந்து, "ஆஸ்பத்திரியில முடிச்சதும் யாராவது வருவாங்க" என்றார். வண்டிக்குள் படுத்துக்கொண்டு புருவத்தில் வைத்திருந்த பஞ்சை அவன் ஒரு விரலால் விலக்கினான், ரத்தம் நிற்கக்கூடாது, நின்றுவிட்டால் இறக்கிவிடுவார்கள், நர்ஸ் திரும்பியபோதெல்லாம் பஞ்சை வைத்துக்கொண்டான், அவள் மறுபக்கம் பார்த்ததும் விலக்கினான், தன் ரத்தத்தையே கெஞ்சினான், ஓடு, இன்னும் கொஞ்சம் ஓடு. ஆஸ்பத்திரிக்கு யாரும் வரவில்லை. இரண்டு நாள் ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான், வந்தது ரூபாவும் சாப்பாட்டுக் கேரியரும்தான். என்னைத் தோற்கடித்த குத்துதான் என்னைக் காப்பாற்றியது, இன்பா, நீ கொடுத்ததுதான், நீ அங்கே ஒரு பிளாஸ்டிக் குடுவையைக் கையில் பிடித்துக்கொண்டு வெற்றிச் சிரிப்போடு நின்றிருப்பாய், நான் இங்கே உன் குத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன்.

"மூஞ்ச அப்படித் திருப்பு" என்று லிங்கம் தாடையைப் பிடித்துத் திருப்பினான், இடது பக்கம் முடிந்திருந்தது, அந்தப் பக்கம் காற்றுப் பட்டுச் சில்லென்றிருந்தது, வலது பக்கம் இன்னும் நுரைக்குள் இருந்தது. வரதனும் கலீலும் விடவில்லை. தடை எத்தனை வருடம், நான்கு வருடமா, ஆயுளுக்குமா, நான்கு வருடத்துக்குப் பிறகு வந்தால் முப்பது வயதுகூட ஆகியிருக்காது, வரட்டும், வந்தால் நாங்கள் பார்ப்போமா, "செருப்பால அடிப்போம்" என்றான் கலீல், அதை எவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். லிங்கம் கத்தியைத் தோல்பட்டையில் தீட்டிக்கொண்டே, "எல்லாந்தான் போடறானுங்க, இவன் மாட்டிக்கினான், அவ்ளோதான் விசயம்" என்றான். மதியழகனின் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. இவனுக்குத் தெரியுமா. தெரியாது, சும்மா சொல்கிறான், சலூனில் எல்லோரும் எல்லாவற்றையும் சொல்வார்கள். "எல்லாரும்னு சொல்லாதண்ணா" என்று கலீல் குரலை உயர்த்தினான், "எங்க அண்ணன் உக்காந்துகினு கீறாரு." "அவர சொல்லலப்பா, அவரு தங்கம்" என்று லிங்கம் நுரைபட்ட கன்னத்தைத் தட்டினான். இப்போது சொல்லலாம். இப்போது லிங்கத்தின் கத்தி பட்டையில் இருக்கிறது, முகத்தில் இல்லை, வாயைத் திறந்தால் போதும், இரண்டு வார்த்தை. வாயைத் திறந்தான். நுரையின் கசப்பு நாக்கில் பட்டது. கத்தி வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டான், எவ்வளவு நிம்மதி, எவ்வளவு கேவலம்.

எடை பார்த்த அன்று காலை இன்பராஜும் அவனும் மட்டும் ஒரு சின்ன அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். எடையைக் குறைக்க இரண்டு நாளாகத் தண்ணீர் குடிக்காமல் இரண்டு பேருக்கும் உதடு வெடித்திருந்தது. இன்பராஜ் ஒரு பாட்டிலில் இருந்து வாய் நிறையத் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்து ஒரு சொட்டுகூட விழுங்காமல் துப்பினான், துப்பியதையே பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு சிரித்துக்கொண்டு பாட்டிலை நீட்டினான், "அண்ணா, நீங்களும் கொப்பளிங்க, சும்மா பாத்துகினு இருந்தா இன்னும் தாகம் எடுக்குது." நாளைக்கு அடித்துக்கொள்ளப் போகிற இரண்டு பேர் ஒரே பாட்டிலில் வாய் கொப்பளித்தார்கள். ஏதோ கேட்க வந்தவன்போல இன்பராஜ் அவனை ஒரு தடவை கூர்ந்து பார்த்தான், கேட்கவில்லை. அந்தப் பையன் எண்ணூரில் கல்லூரிப் பெண்களுக்குக் காலையில் குத்துச்சண்டை கற்றுக்கொடுத்தான், இருபது பெண்கள் வருவார்களாம், செய்தி வந்த மறுநாள் ஒரு பெண்ணும் வரவில்லை, கூடத்தின் சொந்தக்காரர் சாவியை வாங்கிக்கொண்டாராம், வரதன்தான் போன வாரம் இதே பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார். சொல்லும்போது மதியழகன் முடிவெட்டிக்கொண்டிருந்தான், குனிந்திருந்தான், குனிந்திருப்பது நல்லது. அவனுக்கு யார் போட்டிருப்பார்கள், எங்கே போயிருப்பான், இருபத்தைந்து வயதில் தோள் கிழியாத ஒருவனுக்கு அது எதற்கு. பேராசை. ஆமாம், பேராசைதான், எனக்கு வலி இருந்தது, அவனுக்கு என்ன இருந்தது. இப்படி நினைத்ததும் கொஞ்சம் லேசானது. லேசானதும் பயமாக இருந்தது, நான் எப்படிப்பட்டவனாகிக்கொண்டிருக்கிறேன், இவ்வளவு நாள் வெளியில் கலீல் சொல்வதை நான் இப்போது உள்ளேயிருந்து சொல்கிறேன்.

சொன்னால் என்ன ஆகும் என்பதை அவன் பன்னிரண்டு நாளாக யோசித்துப் பார்த்துவிட்டான், யோசனை ஒவ்வொரு தடவையும் வீட்டு வாசலில் போய் நின்றுவிடும், அதைத் தாண்டி உள்ளே போகாது. போட்டி நடத்தும் சாம்சன் சார் காலை எட்டு மணிக்கே கூப்பிட்டார், "நிருபருங்க என்ன கேட்டாலும் ஒரே பதில், மதி. உழைப்பு. இன்பராஜைப் பத்திக் கேட்டா, வருத்தமா இருக்கு. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம்." உழைப்பு, வருத்தமாக இருக்கிறது, இரண்டும் உண்மைதானே, பொய்யே சொல்லாமல் ஒரு முழுப் பொய்யைச் சொல்லிவிடலாம். ரூபா. ஐந்து வியாழக்கிழமையும் ராத்திரி சட்டையைக் கழற்றும்போது இடுப்பில் சின்ன வட்டப் பிளாஸ்திரி இருக்கும், முதல் தடவை, "என்ன இது?" என்றாள், கட்டி என்றான், இரண்டாவது வாரம் பார்த்தாள், கேட்கவில்லை, மூன்றாவது வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆக அவளுக்கும் தெரியும், அவளும் அந்த நடுவிடத்தில்தான் நிற்கிறாள், ஒருவர் நிற்கும் இடத்தில் இரண்டு பேரும் நெருக்கியடித்து நின்றுகொண்டு ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கிறோம். இன்று காலை அந்த வெள்ளைச் சட்டையின் காலரை அவள் மூன்று தடவை தேய்த்தாள், இல்லாத சுருக்கத்தைத் தேய்த்தாள். நான் சொன்னால் அவளைக் கேட்பார்கள், உனக்குத் தெரியுமா என்று. சொல்லாவிட்டால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை, மருந்து எப்போதோ கழுவிப் போயிருக்கும், இனி எத்தனை குடுவை நீட்டினாலும் சுத்தமாகத்தான் இருக்கும், நான் இப்போது சுத்தமானவன், எந்தப் பரிசோதனைக்கும் தயார், எவ்வளவு பெரிய தமாஷ். லிங்கத்தின் விரல் வலது காதைப் பிடித்து மடக்கியது, கத்தி இன்னும் வைக்கவில்லை.

"போன் போடறேன்டா, நீயே கேளு அவன" என்று வரதன் எழுந்துவிட்டார், வாக்குவாதம் எங்கே போய் இங்கே வந்ததென்று மதியழகன் கவனிக்கவில்லை. "எத்தினி தடவ போட்டேன், எடுக்கவே இல்ல, ரெண்டு நாளாத்தான் எடுக்கறான்." கலீல், "அவன்கிட்ட எனக்கு இன்னா பேச்சு" என்று கையை உதறினான். வரதன் போனைக் காதில் வைத்துக்கொண்டே நாற்காலிப் பக்கம் வந்தார், அவர் கண் சிவந்திருந்தது, கோபமா அழுகையா என்று சொல்லமுடியவில்லை. "இன்பா, நான்தான், வரதன் மாமா. இருப்பா. இங்க மதி கீறாரு. ஆமா, நம்ம மதிதான். வெக்காத, ஒரு நிமிசம் வெக்காத." போனை நீட்டினார். "தம்பி, நீ ஒரு வார்த்த பேசு. ஊரே சொல்லட்டும், அவனோட குத்து வாங்குனவன் நீ. தப்பு பண்ணான், சரி. ஆனா நீ நல்ல பையன்டான்னு ஒரு வார்த்த சொன்னீன்னா அவன் சோறு துண்ணுவான்." லிங்கம் கத்தியை மடக்கிக்கொண்டு நாற்காலியை நிமிர்த்தினான், கண்ணாடி திரும்பி வந்தது, அதில் ஒரு பக்கம் வழுவழுப்பான கன்னமும் ஒரு பக்கம் வெள்ளை நுரையுமாக ஒருவன், அவன் பின்னால் மூன்று பேர், மூன்று பேரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன் சூடாக இருந்தது. நுரை படாத பக்கத்துக் காதில் வைத்தான்.

"அண்ணா" என்றது குரல். தூங்கி எழுந்தவன் குரல் மாதிரி இருந்தது.

"இன்பா."

"சாயங்காலம் பெல்ட் தர்றாங்களாமே. சந்தோசம்ணா. கிண்டல் பண்ணல, நெசமாத்தான் சொல்றேன்."

"இன்பா, நான் உன்கிட்ட ஒண்ணு…"

"தெரியும்ணா."

கண்ணாடியில் இருந்தவன் அசையவில்லை. வரதன் ஆவலோடு தலையாட்டினார், பேசு, பேசு என்று.

"என்ன தெரியும்?"

"வில்லிவாக்கம் தெரியும்." இன்பராஜின் பக்கம் குக்கர் விசில் அடித்தது. "சண்டைக்கு மூணு வாரம் முன்னாடி கோகுல் மாஸ்டர் என்ன வரச் சொன்னாருண்ணா. போனேன். 'மதி எங்கிட்ட ரெண்டு ஊசி போட்டுகினான், இன்னும் மூணு பாக்கி. அவன் குதிர மாதிரி வருவான், நீ பச்சத்தண்ணிய குடிச்சிட்டுப் போயி நிக்கப்போறியா'ன்னாரு. நான் நம்பல. வீட்டுக்குப் போயி ரெண்டு நாளு யோசிச்சேன். அப்புறம் பயமாயிடுச்சிண்ணா. அதுவரைக்கும் நான் காய்ச்சலுக்குகூட ஊசி போட்டுகினதில்ல."

மதியழகனுக்கு மீன்தொட்டி தெரிந்தது, அந்த ஆரஞ்சு மீன், அதற்கு முன்னால் இந்தப் பையன் நின்றிருக்கிறான், அதே சுவரைப் பார்த்துக்கொண்டு, அடுத்த அறையில் அதே சீரியலின் அழுகையைக் கேட்டுக்கொண்டு, என்னால், நான் போட்டேன் என்பதால், எடை பார்த்த அறையில் பாட்டிலை நீட்டிவிட்டுக் கேட்க வந்தது இதைத்தான், நீங்க போட்டீங்களாண்ணா என்று கேட்க வந்து கேட்காமல் விட்டான், கேட்டிருந்தால், கேட்டிருந்தால் நான் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். பேராசை என்றேனே, சற்று முன்தானே, இந்த நாற்காலியில் படுத்துக்கொண்டு. தோள்பட்டை, காயம், ஆறும் மருந்து, பன்னிரண்டு நாளாகக் கட்டி வைத்திருந்த ஒவ்வொரு செங்கல்லும் சத்தமில்லாமல் விழுந்தது, ஒளிந்துகொள்ள ஒரு சுவர்கூட மிஞ்சவில்லை.

"விசாரணையில கேட்டாங்க" என்றது குரல், "வேற யாராவது போட்டாங்களான்னு. இல்லன்னுட்டேன். நீங்களாச்சும் இருக்கட்டும்னு. வரதன் மாமாகிட்டகூட சொல்லல."

"இன்னா சொல்றான்?" என்று வரதன் கேட்டார். "அழுவறானா?"

மதியழகன் போனைக் காதிலிருந்து எடுத்தான். எடுத்த கை மடிமேல் விழுந்தது. கண்ணாடியில் தெரிந்த மூன்று முகத்தையும் பார்த்துச் சொன்னான், குரல் அவன் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது. "நானும் போட்டேன்."

"இன்னாது?" என்றான் லிங்கம்.

"ஊசி. நான்தான் முதல்ல போட்டேன். அஞ்சு. நான் போட்டேன்னு தெரிஞ்சிதான் அவன் போட்டான். அன்னைக்குத் தலை சுத்தல எனக்கு. டெஸ்ட்டுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டேன்."

கலீல் சிரித்தான். "அண்ணே, பெரிய மனசுதான்ணா உனக்கு, அதுக்குன்னு அவன் பழிய நீ…" பாதியில் நின்றுவிட்டது. கண்ணாடியில் அவன் முகத்தை மதியழகன் பார்த்துக்கொண்டே இருந்தான், சிரிப்பு முதலில் கண்ணிலிருந்து போயிற்று, பிறகு வாயிலிருந்து. லிங்கம் அலமாரிப் பக்கம் திரும்பிப் பிரஷ்ஷைக் குழாயில் கழுவத் தொடங்கினான், கழுவிக்கொண்டே இருந்தான். வரதன் மெல்லப் பெஞ்சில் உட்கார்ந்தார், மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு தரையில் கிடந்த மயிர்ச்சுருளைப் பார்த்தார்.

போனிலிருந்து சின்னதாகக் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. மதியழகன் மறுபடி காதில் வைத்தான்.

"ஏண்ணா சொன்னீங்க?" இன்பராஜுக்கு இப்போதுதான் குரல் உடைந்தது. "நீங்க சொன்னா மட்டும் எனக்குத் திரும்பக் குடுத்துடுவாங்களா? ஒண்ணும் ஆவாதுண்ணா. இப்ப ரெண்டு பேரும் போயிட்டோம்."

"ஆமாம்" என்றான் மதியழகன். மன்னிப்பு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது, அது இவ்வளவு பெரிய இடத்தில் எந்த மூலைக்குக் காணும் என்று திரும்பிப் போய்விட்டது.

மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு இன்பராஜ் சொன்னான், "பன்னண்டு நாளா எல்லாரும் போனுதாண்ணா போடறாங்க. திட்டறவங்களும் போன்லதான், ஆறுதல் சொல்றவங்களும் போன்லதான். வீட்டுக்கு ஒருத்தரும் வரல. நீங்க வர்றீங்களா?"

"வரேன்."

அவனே துண்டை எடுத்து வலது கன்னத்து நுரையைத் துடைத்தான், உள்ளே ஒரு வாரத் தாடி அப்படியே இருந்தது. போனைப் பெஞ்சில் வரதன் பக்கத்தில் வைத்தான், அவர் அதை எடுக்கவில்லை, அவனை நிமிர்ந்தும் பார்க்கவில்லை, அவரோடு சேர்ந்து போகலாம் என்று ஒரு கணம் தோன்றியதை அவனே விட்டுவிட்டான். வாசலில் கலீல் ஆட்டோவின் பின்புறம் குந்தி உட்கார்ந்து அந்தப் படத்தின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான், பசை காய்ந்துபோயிருந்ததால் அது சுலபத்தில் வரவில்லை, மதியழகன் கடந்து போகும்போது நகம் நின்றது, அவன் கடந்ததும் மறுபடி தொடங்கியது. வெயில் ஏறியிருந்தது. ஒரு கன்னத்தில் அது சுட்டது, இன்னொரு கன்னத்தில் உறைக்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்றபோது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது, சாம்சன் சார், அடித்து ஓய்ந்தது, பிறகு ரூபா, அவளுக்கு நான் சொல்லவேண்டும், சலூனில் சொன்னதைவிட அது கஷ்டம், அவள் கேட்காமல் விட்ட கேள்விக்கு இனிமேல்தான் பதில், எடுக்கவேண்டும், எடுத்தான், "ரூபா, நான் சாயங்காலம் அங்க போகல" என்றான், மறுமுனையில் அவள், "சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். சொல்லிட்டேன் என்றான். அவள் வைத்துவிட்டாள். கோபத்தில் வைத்தாளா, அழுவதற்கு வைத்தாளா, சட்டையை மடித்து உள்ளே வைக்கப் போனாளா. எண்ணூர் பஸ் தூரத்தில் திரும்பி வருவது தெரிந்தது, படியில் ஆள் தொங்க, கூட்டமாக. அந்த வீட்டுக் கதவு திறந்ததும் முதலில் என்ன சொல்லவேண்டும் என்று யோசித்துப் பார்த்தான், ஒன்றும் வரவில்லை, பஸ் வந்து நின்றதும் கம்பியைப் பிடித்து ஏறினான்.